சாயம் பூசிய இலைகள்

ஒரு காட்டில், புலிக்குக்கூடப் பயப்படாத விலங்குகள் எல்லாம் ஒரே ஒரு பாடத்துக்குப் பயந்தன. அதன் பெயர் மூளைப் பாடம். பயம் எங்கே பிறக்கிறது, நினைவு எங்கே தங்குகிறது, தூக்கம் எதற்கு வருகிறது என்றெல்லாம் நாற்பது தேக்கிலைகளில் கீறி வைத்திருந்தார்கள். அதில் தேறியவர்கள் மட்டுமே காட்டில் மனவைத்தியம் பார்க்கலாம்.

அணிலுக்கு அந்த வைத்தியத்தின் மேல் உயிர். ஆனால் போன வருடம் அது தோற்றுவிட்டது. இந்த முறையும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாம் முறை என்பதே கிடையாது.

அணில் சோம்பேறி அல்ல. பொழுது விடிந்தால் இலையைப் பிரித்துவிடும். முக்கியம் என்று பட்ட வரியின் மேலெல்லாம் நாவல்பழச் சாற்றைப் பூசும். பூசிப் பூசி, இலைகளில் பச்சையே தெரியவில்லை.

பக்கத்துக் கிளையில் இருந்த மைனாவும் அதே பாடத்தைத்தான் படித்தது. அதற்குப் பெருமை கொஞ்சம் அதிகம்.

"என்னடி அணிலே, எல்லாமே முக்கியமா? உன் முதுகில் மூன்று கோடு மிச்சம் இருக்கிறதே, அதிலும் பூசிவிடு!"

"நீ எப்படிப் படிக்கிறாய்?"

"நானா? நாற்பது இலையையும் நாற்பது தடவை சத்தமாக வாசித்தாகிவிட்டது. தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேட்டாலும் ஒப்பிப்பேன்."

அணில் இன்னும் வேகமாகப் பூசியது. தேர்வுக்கு இன்னும் இருபது நாள்தான்.

மரத்தடியில் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எதுவும் சட்டென்று ஏறாது. புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் தெரியாது.

"அணில் பிள்ளை, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது அதில்?" என்று கேட்டது.

"பயத்தைப் பற்றி, அண்ணே. மூளைக்குள்ளே வாதுமைப் பருப்பு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதுதான்..." அணில் இலையை எட்டிப் பார்த்தது.

"இலை எதற்கு? தெரிந்ததைச் சொல்லேன்."

அணில் இலையை மூடியது. வாயைத் திறந்தது. ஒன்றுமே வரவில்லை. காலையில்தான் வாசித்த இலை! வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்ததே!

அப்போதுதான் பன்னிரண்டாம் இலை ஞாபகத்துக்கு வந்தது. 'திரும்பத் திரும்பப் பார்ப்பதால் நினைவு உறுதிப்படாது. பார்க்காமல் தேடி எடுத்தால்தான் உறுதிப்படும்.'

"அட, என் புத்தியே! அந்த வரிக்கு மூன்று பூச்சுப் பூசினேன். ஒரு நாளாவது செய்து பார்த்தேனா?"

சாற்றுச் சிரட்டையை அணில் அங்கேயே கவிழ்த்தது. அன்று முதல் ஓர் இலையை ஒரு தடவை வாசிக்கும். மூடிவிட்டு எருமையிடம் வந்து சொல்லும். தடுமாறிய இடத்தை மட்டும் திறந்து பார்க்கும். மூன்று நாள் கழித்து அதையே மறுபடியும் சொல்லிப் பார்க்கும்.

எருமை லேசில் விடவில்லை. "ஏன்?" என்று கேட்டது. "அதனால் என்ன?" என்று கேட்டது. "எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு, தாயே" என்றது.

"உங்களுக்குச் சொல்வதற்குப் பாறைக்குச் சொல்லலாம்!" என்று ஒருநாள் அணில் அழுதேவிட்டது.

"சொல்லு. பாறை 'ஏன்' என்று கேட்காது, நிம்மதியாக இருக்கும்" என்றது எருமை, வாலால் ஈ ஓட்டியபடி.

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னது.

"எருமைக்குப் பாடம் எடுத்துத் தேறப் போகிறாளாம்!" என்று மைனா காடெல்லாம் சொல்லிச் சிரித்தது.

தேர்வு நாள் வந்தது. ஏரிக்கரையில் ஆசிரியை நாரை நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு புள்ளிமான் நடுங்கிக்கொண்டு நின்றது.

"போன மாதம் இந்த மான் ஓடையில் குடிக்கும்போது 'சளக்' என்று சத்தம் கேட்டது, முதலை பாய்ந்தது. மான் தப்பிவிட்டது. இப்போது ஒரு தவளை குதித்தாலே ஓடுகிறது. நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் இப்படி? என்ன செய்யலாம்?" என்றது நாரை.

மைனா முந்திக்கொண்டு வந்தது. ஒன்பது இலைகளைப் பிசகாமல் ஒப்பித்தது.

"அழகாகச் சொன்னாய். பயத்தைப் பற்றிச் சொன்னாய். இப்போது இந்த மானைப் பற்றிச் சொல்."

மைனா நாரையிடமே கேட்டது: "அது... எந்த இலையில் வருகிறது, அம்மா?"

அடுத்து அணில். அது வானத்தைப் பார்த்து யோசிக்கவில்லை, மானைப் பார்த்தது.

"சத்தமும் முதலையும் ஒரே நேரத்தில் வந்தன, அம்மா. மூளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அதனால் சத்தம் மட்டும் வந்தாலும் முதலையே வந்த மாதிரி உடம்பு ஓடுகிறது."

"முடிச்சை எப்படி அவிழ்ப்பாய்?"

"அவிழ்ப்பது கஷ்டம். பக்கத்திலேயே புது முடிச்சுப் போடலாம். முதலை இல்லாத குட்டையில் நான் சிறு கல்லைப் போடுகிறேன். மான் தள்ளி நிற்கட்டும். சத்தம் வரும், ஆபத்து வராது. நாளுக்கு ஓரடி கிட்டே வரட்டும்."

"அதுவரை தாகத்தில் சாகட்டுமா?"

"இல்லை, அம்மா. பாறைக் குழியில் மழைத்தண்ணீர் கிடக்கிறது. அங்கே தவளை இல்லை, சத்தமும் இல்லை. முதலில் வயிறு நிறையக் குடிக்கட்டும். வைத்தியம் அதற்கப்புறம்."

நாரை மானின் பக்கம் திரும்பியது.

"இனி இவள்தான் உன் வைத்தியர். கூடப் போ" என்றது.

அணில் முன்னால் ஓட, மான் பின்னால் நடந்தது.

நீதி: ஏட்டைப் பார்த்து வாசிப்பதும், மனப்பாடமாய் ஒப்பிப்பதும் கல்வி ஆகாது, ஏட்டை மூடிவிட்டு அடுத்தவருக்குப் புரியச் சொல்ல முடிவதே கல்வி.