பனிக்குப் போட்ட இலை

மலைகளெல்லாம் இன்னும் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த காலம் என்று சிலர் சொல்வார்கள். மேகங்கள் ஊர்க் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன காலம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. நான் அப்போது இல்லை, நீங்களும் இல்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை.

மலையடியில் ஓர் ஊர். பாதி வருஷம் பனிக்குள்ளேயே கிடந்ததால் அதை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே வெயிலுகந்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் இருளப்பன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். ஆவணியில் விதை ஊன்றி, ஐப்பசி மழையில் கொடி ஏறி, மார்கழிப் பனியில் காய்க்கிற தோட்டம்.

தோட்டமா அது! அவரை, பந்தல் கொள்ளாமல் தொங்கும். கத்தரி, தரையைத் தொடும். பாகல், வேலி தாண்டிப்போய் வழியில் போகிறவர் தோளைத் தட்டிக் கூப்பிடும். விடியலில் பனி இறங்கிவிட்டால் எது கொடி, எது மேகம் என்று தெரியாது. அந்த வெள்ளைக்குள் வெயிலுகந்தாள் கூடையோடு நடந்தால் கை மட்டும் தெரியும், காய் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் தூக்கத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

பறித்த காயை அவள் என்ன செய்வாள்? ஆக்கித் தின்பாள் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவளைத் தெரியாது.

நறுக்குவாள். உப்புத் தண்ணீரில் அரை வேக்காடாக எடுப்பாள். ஓலைப்பாயில் பரப்பி வெயிலில் போடுவாள். கலகலவென்று காய்ந்ததும் பானையில் அள்ளி, வாய்க்குத் துணியால் வேடு கட்டி, சுவரோரமாக அடுக்குவாள். அவரை வற்றல் ஒரு வரிசை, கத்தரி வற்றல் ஒரு வரிசை, கொத்தவரை வற்றல் ஒரு வரிசை. கடைசியில் மனுஷர் படுப்பதற்கு இடம் தேட வேண்டியிருக்கும்.

வற்றல் போடுவது தப்பா? தப்பே இல்லை. கோடையில் அந்த மண்ணில் ஒரு பச்சை இலை நிற்காது. ஊரில் எல்லோருமே போடுவார்கள். ஆனால் வெயிலுகந்தாளுக்குப் போதும் என்ற சொல் வராது. கோடை பூராவும் தின்று, மழைக்காலம் பூராவும் தின்று, மறுபடி மார்கழி பிறக்கும்போது பாதிப் பானைகள் மிஞ்சிக் கிடக்கும். பழசில் வண்டு விழுந்துவிடும், முதலில் அதைத் தீர்ப்போம் என்பாள். ஆக, தோட்டத்தில் பச்சைக் காய் தொங்குகிற காலத்தில் இலையில் பழைய வற்றல் விழும். பச்சைக் காய் பாய்க்குப் போகும். அது பழசானபிறகு இலைக்கு வரும். இப்படியாக அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் எப்போது பார்த்தாலும் போன வருஷத்தையே தின்றுகொண்டிருந்தார்கள். கேட்டீர்களா கூத்தை!

இருளப்பன் வாயில்லாப் பூச்சி. பக்கத்து வீட்டு மாடத்தி அடுப்பில் அவரைக்காயைத் தாளிக்கிற நேரமாகப் பார்த்து அவனுக்கு அந்தப் பக்கத்து வேலியில் ஏதாவது ஒரு முள்ளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மூக்கால் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, வற்றல் குழம்புக்கு முன்னால் உட்காருவான். ஒரே ஒரு தடவை, நாமும் ஒருநாள் பச்சையாகச் சமைத்தால் என்ன என்று கேட்டான். கோடையில் நீங்கள்தான் வந்து அழுவீர்கள் என்று அவள் அடித்துப் பேசியதில், அதற்கப்புறம் மூச்சுக் காட்டவில்லை.

அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. அவள் அம்மா புளியங்கொட்டையை வறுத்து வேகவைத்துக் கொடுத்தாள். அவள் தம்பி அதைத் தின்ன முடியாமல் அழுது அழுது தூங்கிப்போனான். தம்பி பிழைத்துக்கொண்டான், இப்போது வேறு ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த அழுகை அவள் காதை விட்டுப் போகவே இல்லை. காலிப் பானையைக் கண்டால் உடனே அதை நிரப்பப் பார்ப்பாள். அதனால்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மார்கழி பிறந்து முதல் காய் பறிக்கிற நாளில், விடியலிலேயே சமைத்து, வீட்டு ஆட்களுக்குப் போடுகிற இலையோடு இன்னொரு இலையும் போடுவார்கள். அது பனிக்கு. பனி இறங்காவிட்டால் அவரைப் பூ பிஞ்சு பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வெயிலுகந்தாளும் இலை போட்டாள். பரிமாறியது என்ன? போன வருஷத்து வற்றல்தான்.

ஒரு மார்கழி. இலை போட்ட கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பெண் நின்றாள். சாம்பல் வெள்ளைச் சேலை, முந்தானையெல்லாம் ஈரம். வழிப்போக்கி போல என்று வெயிலுகந்தாள் உட்காரச் சொன்னாள். வந்தவள் இலையைப் பார்த்தாள், தொடவில்லை. தனக்கு வெயில் பட்ட பண்டம் ஆகாது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, பொழுது கிளம்புவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மார்கழியும் வந்தாள். வெயில் படாத காய் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டாள். கதவோரத்தில் அப்போதுதான் பறித்த கூடை, காம்பு ஈரம்கூடக் காயாமல் இருந்தது. அது கோடைக்கு என்றாள் வெயிலுகந்தாள்.

மூன்றாவது மார்கழியும் வந்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. பட்டினியோடு இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

நாலாவது மார்கழியில் அவள் வரவில்லை.

அவள் மட்டுமா வரவில்லை? பனியே வரவில்லை. ஊருக்கெல்லாம் இறங்கிய பனி வெயிலுகந்தாள் வேலிக்கு வந்ததும் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மாடத்தி தோட்டம் பால் ஊற்றினது போல இருக்கும். இந்தப் பக்கம் கொடிகள் காய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கும். பூத்த பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. கத்தரி முடங்கியது. பாகல் கொடி வேலியைத் தாண்டவில்லை. வெயிலுகந்தாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், தண்ணீர் வேருக்குத்தான் போயிற்று, பூவுக்குப் போகவில்லை.

வீட்டுக்குள் பானைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. புதிதாகப் போட ஒன்றும் இல்லை. இப்படியே போனால் கோடை நடுவிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். எந்தப் பயத்துக்காக இத்தனை வருஷம் உப்பும் வெயிலுமாக உழைத்தாளோ, அந்தப் பயமே வந்து அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு விடியலில் வேலியோரம் போய் நின்றாள். அந்தப் பக்கத்து வெள்ளைக்குள் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அதே சாம்பல் வெள்ளைச் சேலை. முந்தானை எந்தக் கொடியில் பட்டதோ அந்தக் கொடி நனைந்தது. எந்த இலையில் பட்டதோ அந்த இலை சொட்டியது. தன் வீட்டில் பசியோடு எழுந்து போனது யார் என்று வெயிலுகந்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. 

"தாயே, என் தோட்டத்துக்கு ஏன் வரல?" என்று கேட்டாள்.

பனி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. கொடி கொடியாக நனைத்து வளர்க்கிற தனக்கு அந்தக் காயின் ருசி தானாகத் தெரியாது என்றாள். வருஷத்துக்கு ஒருமுறை மனுஷர்கள் ஆக்கிப் போட்டால்தான் உண்டு. அதையும் வெயிலில் காட்டி வைத்தால் தான் எதைத் தின்பது?

"சரி, நீயாவது சொல்லு தாயி. கேட்டு வயித்த நெரப்பிக்கிறேன். உன் தோட்டத்து அவரைக்காய் எப்படி இருக்கும்?"

வெயிலுகந்தாள் யோசித்தாள். "உப்பா இருக்கும்" என்றாள்.

"கத்தரிக்காய்?"

"அதுவும் உப்புதான்."

"கொத்தவரை?"

வெயிலுகந்தாள் தேடிப் பார்த்தாள், உப்புதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் தன் கையால் நட்டு, தன் கையால் பறித்த காய் என்ன ருசி என்று அவளுக்கே தெரியாது. வெட்கத்தில் தலை குனிந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பொழுது கிளம்பிவிட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்று முழுக்க அவள் தோட்டத்தைச் சல்லடை போட்டுத் தேடினாள். வாய்க்கால் ஓரத்தில், ஈரம் அண்டி நின்ற ஒரு கொடியில், ஒரு பிடி அவரைக்காய் இருந்தது. ஒரே பிடி. அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அதுதான்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்னே அதைப் பறித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பழக்க தோஷம், உப்புத் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. காயோடு கை தானாகப் பானைக்குப் போயிற்று. வற்றலாகப் போட்டால் கோடையில் என்றைக்கோ ஒருநாள் குழம்புக்கு ஆகும். சமைத்துவிட்டால் இன்றைக்கே தீர்ந்துபோகும். காதுக்குள் தம்பி அழுதான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா தலையாட்டாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

வெயிலுகந்தாள் உப்புத் தண்ணீரைத் தூக்கி முற்றத்தில் கொட்டினாள்.

கொட்டினபிறகுதான் தெரிந்தது, பச்சைக் காயை எப்படிச் சமைப்பது என்றே தனக்கு மறந்துபோயிற்று என்று. எவ்வளவு நேரம் வேகவிடுவது, எப்போது என்ன போடுவது, ஒன்றும் பிடிபடவில்லை. புருஷனைப் பார்த்தாள். இருளப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மாடத்தி அடுப்படியில் முதலில் கடுகு வெடிக்கும் என்றான். அப்புறம் சீரகம் மணக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்புறம் தேங்காய். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அழுகை வந்தது.

மூன்று இலை போட்டார்கள். ஒரு பிடிக் காய் மூன்று பங்கானால் என்ன இருக்கும்? இலைக்கு நாலு துண்டு. சோற்றில் ஆவி எழுந்தது. மூன்றாவது இலைக்கு முன்னால் மணை வெறுமையாகக் கிடந்தது.

காத்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பல் வெளுத்தது. யாரும் வரவில்லை. கிழக்கே மஞ்சள் தட்டத் தொடங்கியது. இனி வரமாட்டாள் என்று வெயிலுகந்தாளுக்குத் தெரிந்துபோயிற்று. கடைசிப் பிடியும் போயிற்றே என்று இலைகளைப் பார்த்தாள். இப்போதுகூட அதை எடுத்து வெயிலில் வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன்.

அவள் அதைத் தள்ளிவிட்டு, "சாப்பிடுங்க" என்றாள் புருஷனிடம். "அவ வந்தாலும் வராட்டாலும், இது இன்னைக்குச் சமைச்சது. இன்னைக்கே சாப்பிடுவோம்."

அவளும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

பிஞ்சு அவரை. பல்லில் படும்போது ஒரு சின்ன நறுக்கு. அப்புறம் சாறு. அப்புறம், வெயிலுகந்தாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் ஓர் இனிப்பு. வெல்லத்தின் இனிப்பு இல்லை, மண்ணும் மழையும் சேர்ந்த இனிப்பு. இத்தனை வருஷமும் இது இனித்துக்கொண்டா இருந்தது? இதையா நான் உப்பில் போட்டேன்? கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இருளப்பன் தலை நிமிரவே இல்லை, இலையை வழித்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மூன்றாவது மணையில் ஆள் இருந்தது. ஈர முந்தானை தரையில் புரண்டது. நாலு துண்டில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, பனி அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்பச் சொல்லு தாயி. உன் தோட்டத்து அவரைக்காய் எப்படி இருக்கு?"

வெயிலுகந்தாளுக்கு வாய் நிறையச் சோறு. 

பனி சிரித்தாள். எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள். பந்தலும் வேலியும் வாய்க்காலும் ஒவ்வொன்றாக வெளுத்து, வெள்ளைக்குள் போயின. அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பொழுது கிளம்ப வெகுநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் தோட்டம் காய்த்துக் கொட்டியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். காலம் பிந்திவிட்டது, கொஞ்சம்தான் காய்த்தது. அதில் பாதி அடுப்புக்குப் போயிற்று, பாதி பாய்க்குப் போயிற்று. கோடையில் பானைகளின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. சில நாள் வெறும் கஞ்சிதான். கோடை வந்தது, இருந்தது, போயிற்று. அவள் பயந்த அளவுக்கு அது பெரிதாக இல்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாளில் இருளப்பன் அந்த அவரைக்காயைப் பற்றிப் பேச்செடுப்பான், அவள் சிரித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்துவிடுவாள்.

இதுதான் கதை. பிள்ளைகளும் பெரியவர்களும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்: நாளைக்கென்று சேர்த்து வைப்பது நல்லதுதான், ஆனால் இன்றைய பங்கை இன்றைக்கே உண்ணாமல், வந்தவருக்கும் ஒரு வாய் கொடுக்காதவர்களுக்கு, வருகிற நாளெல்லாம் பழசாகவே வரும்.