மண்டையோட்டுக்கு இட்ட குறி

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மிஷன் கல்லூரியில் ஹார்வுட் துரை பாடம் நடத்தினார். மண்டையோட்டைத் தடவியே ஆள் யாரென்று சொல்லிவிடுவதாக அவருக்குப் பெருமை. மேசையில் இரண்டு மண்டையோடுகள் வைத்திருந்தார். ஒன்று சீமைப் பண்டிதருடையது, மற்றது தூக்கில் தொங்கிய கொலைகாரனுடையது.

பியூன் வேதமாணிக்கம் அவற்றைக் கழுவியபோது பெயர்ச்சீட்டுகள் கழன்றுவிட்டன. துரை வகுப்பிலேயே குதித்தார்.

"எது யாருடையது? சரியாக ஒட்டு. தப்பாக ஒட்டினால் வேலை போச்சு!"

"துரைகள் தடவினாலே தெரியுமே! சொல்லுங்கள், ஒட்டுகிறேன்."

மாணவர்கள் பார்க்கிறார்களே! துரை கண்ணை மூடித் தடவினார்.

"விரிந்த நெற்றி, இது பண்டிதர். காதோரம் புடைப்பு, இதுதான் கொலைகாரன்."

வேதமாணிக்கம் அப்படியே ஒட்டினார். பிறகு இரண்டையும் கவிழ்த்துக் காட்டினார். அடியில் தண்ணீரில் அழியாத சேங்கொட்டை மையால் புள்ளிகள் இருந்தன.

"நான் சலவைக்காரர் வீட்டுப் பிள்ளை, துரைகளே. குறி போடாமல் எதையும் தண்ணீரில் நனைக்க மாட்டோம். பண்டிதருக்கு ஒரு புள்ளி, கொலைகாரனுக்கு இரண்டு. நீங்கள் பண்டிதரைத் தூக்கில் போட்டுவிட்டீர்கள்!"

வகுப்பே எழுந்து கைதட்டியது.

மறுநாள் துரை தவளைப் பாடத்துக்குத் தாவிவிட்டார். தவளையைத் தொடுமுன் வேதமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கேட்டார்: "குறி போட்டாயிற்றா?"