வெளியே போக ஒரு சீல்

“சீல் இல்லாத படத்தை வச்சுக்கிட்டு என் சுவரை நிறுத்த வந்துட்டியளா மதினி? கையெழுத்தா இது, கோழி கிண்டின மாதிரி இருக்கு. வட்டமா, வயலட்டா, சர்வேயர் சீல் இருக்கணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டுங்க, சுவரைத் தள்ளிக் கட்டுதேன். இல்லன்னா காலையில கொத்தனாரு வந்து, நான் கயிறு பிடிச்ச வழியே கட்டிட்டுப் போயிருவாரு.”

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அவள் கயிறு பிடித்த வழி என் சமையலறைப் பின்வாசலுக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறது. என் பின்கதவோ வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அங்கே சுவர் வந்தால் கதவு ஒரு முழம் திறக்கும். அந்த இடுக்கில் பூனை போகும். நான் போக முடியாது. கேஸ் சிலிண்டரும் நானும் சேர்ந்து போவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

லைசென்ஸ் சர்வேயர் அருளப்பன் சார் இடத்தை அளந்து, படம் வரைந்து, கையெழுத்தும் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மதுரைக்கு மகள் வளைகாப்புக்குப் போயிருந்தார். கிளம்புகிற அவசரத்தில் சீல் போட மறந்துபோனார். போன் செய்தேன். “ஐயோ, சீல் இல்லாமலா குடுத்தேன்!” என்று பதறினார். “ஆபீஸ்ல மூணு பேர் இருக்காங்கம்மா. சொல்லிருதேன். படத்தை நீட்டுங்க, குத்திக் குடுத்துருவாங்க.”

சொன்னபடியே ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னார். கூடவே, இனி இப்படி ஒரு தப்பு நடக்கக் கூடாது என்று இரண்டு கட்டளைகளும் போட்டார். சீல் இல்லாமல் ஆபீஸை விட்டு ஒன்றும் வெளியே போகக் கூடாது. சீலும் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றுமில்லை. புத்தியுள்ள ஆட்களிடம் சொல்லியிருந்தால்.

நான் போனபோது டீக்கடைக்காரர் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எதிரே வந்தார். ஒவ்வொரு கிளாஸிலும் வயலட் வட்டம். அவர் முழங்கையிலும் ஒன்று. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எச்சரிக்கை அது. எனக்குத்தான் புரியவில்லை.

உள்ளே பெரியவர் தவசிக்கண், மூக்கு நுனியில் கண்ணாடியோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டேப் பிடிக்கிற சுடலையாண்டி, குப்பைக்கூடையில் இருந்த கசங்கல் தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, சீல் குத்தி, மறுபடி கசக்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் படம் வரைகிற எட்வின் மடியில் ஒரு பூனையை அழுத்திப் பிடித்திருந்தார். பூனை பிறக்கும்போது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

“இது ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது மதினி” என்றார் எட்வின். “வெளியே போவுது, வருது, மறுபடி போவுது. போகும்போதெல்லாம் குத்த வேண்டியிருக்கு.”

“பூனை இருக்கட்டும். என் படத்துல ஒண்ணு குத்துங்க.”

தவசிக்கண் ஸ்டாம்பை மை பேடில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பேட் ஆடி மாசத்துக் குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

“மை தீந்துபோச்சு.”

“கடை எதுத்தாப்பலதானே இருக்கு? போய் வாங்கிட்டு வாங்க.”

மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சுடலையாண்டிதான் பொறுமையாக விளக்கினார். “மை வாங்க வெளியே போகணும்லா. வெளியே போக சீல் வேணும். சீலுக்கு மை வேணும். அந்த மை கடையில இருக்கு.”

“அப்போ நான் போய் வாங்கிட்டு வாரேன்.”

“நீங்களும் இப்போ உள்ளதானே இருக்கிய மதினி” என்றார் தவசிக்கண், துக்கம் விசாரிக்கிற குரலில். வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அளவுக் கம்பு ஒன்று குறுக்கே இறங்கிவிட்டது.

ஜன்னல் வழியாகக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தைதான் கூப்பிட்டிருப்பேன், எட்வின் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார்.

“என்ன தம்பி இது?”

“உங்க சத்தம் வெளியே போகுது மதினி. சீல் இல்லாம.”

நான் படித்த கான்வென்டில் கேள்வி கேட்டால் முட்டி போடச் சொல்வார்கள். இங்கே மூன்று பேரையும் முட்டி போடவைத்தால்கூட, எந்த முட்டியை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். போனில் போகிற எழுத்து அவர்கள் கண்ணுக்குத் தெரியாததால் தப்பித்தது. உள்ளே வருகிறதைப் பற்றி அருளப்பன் சார் ஒன்றும் சொல்லாததால், வீட்டுக்காரரும் மையோடு தாராளமாக உள்ளே வந்தார். அவர் வாங்கி வந்தது இருப்பதிலேயே சின்னக் குப்பி. அது அவர் சுபாவம்.

பேட் நனைந்தது. இனி குத்த வேண்டியதுதானே? இல்லை.

“கையெழுத்து மேல பாதி ஏறுற மாதிரிதான் சார் குத்துவாரு” என்றார் தவசிக்கண்.

“கையெழுத்து இடத்துல சீல் பாதி ஏறினா ஆக்கிரமிப்பு ஆயிரும்லா அண்ணாச்சி?” என்றார் சுடலையாண்டி.

“முதல்ல வந்தது கையெழுத்து. அனுபவ பாத்தியதை அதுக்குத்தான்” என்றார் எட்வின்.

“அப்போ ரெண்டு தரப்புக்கும் நோட்டீஸ் குடுத்துட்டு அளந்துருவோம்.”

சுடலையாண்டி நிஜமாகவே டேப்பை எடுத்தார். நான் தவசிக்கண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்டாம்போடு சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினேன். வட்டமாக, வயலட்டாக விழுந்தது. என் வாழ்க்கையில் இத்தனை அழகான வட்டத்தைப் பார்த்ததில்லை.

உடனே போட்டோ எடுத்துத் தனபாக்கியத்துக்கு அனுப்பினேன். உடனே அவள் போனும் வந்தது.

“ரப்பர் ஸ்டாம்ப் எந்தக் கடையில சொன்னாலும் செஞ்சு குடுப்பான் மதினி. அசல் ஸ்டாம்ப்தான்னா, அந்த ஆபீஸ் ஆளே கொண்டுவந்து என் கண்ணு முன்னால இன்னொரு தாள்ல குத்திக் காட்டட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒத்துக்கிடுதேன்.”

இரண்டாவது கட்டளை சுவரில் ஒட்டியிருந்தது. சீல் ஆபீஸை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தத் தாளிலும் ஒரு சீல் இருந்தது, காற்றில் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாக.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் பின்கதவு என் கண் முன்னாலேயே ஒரு முழமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

“ஆபீஸ்னா என்ன?” என்று ஆரம்பித்தார் தவசிக்கண். “நாலு எல்லை. அதுக்குள்ள நாம. முன்னால போர்டு. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“நாலு எல்லையும் நகர்ந்தா?”

“ஆபீஸும் நகர்ந்துரும் அண்ணாச்சி!” என்று கத்தினார் எட்வின். கத்திய பிறகுதான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, சாத்தியிருந்தது.

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்மூலை இரண்டில் தவசிக்கண்ணும் சுடலையாண்டியும், பின்மூலை இரண்டில் எட்வினும் எங்கள் வீட்டுக்காரரும், ஆளுக்கொரு அளவுக் கம்போடு. நாலு கம்பையும் சுற்றி டேப். முன்பக்கம் ‘அருளப்பன், உரிமம் பெற்ற நில அளவர்’ என்ற போர்டு. நடுவில் ஸ்டாம்பும் மை பேடும் பூனையும் நானும். பஜார் வழியாக ஆபீஸ் நடந்தது. பஸ்காரன் ஹாரன் அடித்தான். “ஆபீஸ் நேரத்துல தொந்தரவு பண்ணாதீரும்!” என்றார் தவசிக்கண்.

வழியில் ஓர் ஆடு டேப்புக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கமாகப் போகப் பார்த்தது. ஆபீஸை நிறுத்தி, ஆட்டைப் பிடித்து, குத்தி அனுப்பினார்கள். ஆட்டுக்காரி எங்களைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

என் வீட்டுப் பின்பக்கம் இடம் குறுகல். அதனால் மூன்று பக்கம் டேப் பிடித்து, நாலாவது பக்கத்துக்கு என் சமையலறைச் சுவரையே எல்லையாக வைத்துக்கொண்டு கம்புகளை ஊன்றினார்கள். தனபாக்கியம் டேப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். புதுத் தாளில் ஒரு குத்து. இரண்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள்.

“சரி மதினி. சுவரைத் தள்ளியே கட்டுதேன்” என்றாள், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு.

வெளியே போக அவளுக்கு முழங்கையில் ஒரு குத்து. அவள் போட்ட கூச்சலைக் கேட்கக் கேட்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அடுத்து நானே கையை நீட்டினேன். ஜெயித்தவளுக்கு என்ன வெட்கம்? எனக்கு விழுந்த வட்டம் பாதிதான் தெரிந்தது. மை அத்தோடு தீர்ந்தது.

“நான் எப்படி வர?” என்றார் எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து.

“பெரிய குப்பியா வாங்கியிருக்கணும்” என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டை டேப்புக்கு மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். பாத்திரம் திரும்பி வரவில்லை. எக்கேடும் கெடட்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய், நாலு பேரிடம் என் வெற்றியைச் சொல்லிவிட்டு வர மத்தியானம் ஆகிவிட்டது.

நான் இல்லாதபோது கொத்தனார் வந்து, “எந்த வழியேம்மா கட்ட?” என்று கேட்டிருக்கிறார். தனபாக்கியம் முழங்கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே, “சர்வேயர் ஆபீஸ் டேப் போற வழியே கட்டும். ஒரு அங்குலம் மாறக் கூடாது, மதினி சண்டைக்கு வருவாவ” என்று சொல்லியிருக்கிறாள். கொத்தனாரும் ஒரு அங்குலம் மாறாமல், டேப் போன வழியே, மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டார். உள்ளே இருந்தவர்கள் தூக்குக்குண்டு பிடித்து மட்டம் பார்த்துக் கொடுத்தார்களாம்.

இது தெரியாமல் நான் அடுப்பில் பாலை வைத்தபோது, வாசலில் அருளப்பன் சார். மதுரையிலிருந்து நேரே வந்திருந்தார். வேட்டியில் சந்தனம்.

“என் ஆபீஸைக் காணோம்மா. ரூம் திறந்து கிடக்கு. போர்டுகூட இல்ல.”

“பின்னால இருக்கு சார், வாங்க” என்று பெருமையாகப் பின்கதவைத் தள்ளினேன். கதவு முழுசாகத் திறந்தது. அதற்குத்தானே இத்தனை பாடு?

மூன்று பக்கம் புதுச் சுவர். நடுவில் தவசிக்கண், சுடலையாண்டி, எட்வின், பூனை, பேப்பர் படிக்கிற எங்கள் வீட்டுக்காரர். சுவரில் ஆணி அடித்து போர்டை மாட்டியிருந்தார்கள். அந்த ஆபீஸுக்கு இருந்த ஒரே வாசல் என் சமையலறை.

“ஏலே, என்னலே பண்ணி வச்சிருக்கிய!” என்று அருளப்பன் சார் உள்ளே பாய்ந்தார். வைது முடித்து வெளியே திரும்பினார். அளவுக் கம்பு குறுக்கே வந்தது.

“சார், சீல்” என்றார் சுடலையாண்டி.

“நான்தானலே சர்வேயரு!”

“சீல் இல்லாம ஒண்ணும் வெளியே போகக் கூடாதுன்னு சொன்ன சர்வேயரும் நீங்கதானே சார்.”

அருளப்பன் சார் கம்பை விட்டு ஓர் அடி பின்வாங்கினார். நியாயமான மனிதர். தான் போட்ட கட்டளையைத் தானே மீறினால் லைசென்ஸுக்கு என்ன மரியாதை என்று யோசித்திருப்பார். வேட்டியை மடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரில் பாதியை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். அந்தக் கம்பைப் பிடுங்கி அடுப்பில் வைத்தால்தான் ஆயிற்று என்று விறுவிறுவென்று உள்ளே இறங்கிப்போய் அதைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் கம்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கவனித்தேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். நேற்றைய பாதி வட்டமும் காலையில் குளித்ததில் போய்விட்டிருந்தது. சமையலறையில் பால் சுர்ரென்று ஏறுகிற சத்தம் கேட்டது.

“அடுப்புல பால் பொங்குது! யாராவது ஒரு ஆள் வெளியே போய்க் கொஞ்சம் மை வாங்கிட்டு வாங்களேன்!”