பவுனுத்தாய் போடாத ஓட்டு

கேளுங்கள், ஒரே ஒரு விரலுக்கு வந்த சோதனை இது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் சின்னமாயன் என்றால் குடைக்கட்சி. வேட்டிக் கரையிலேயே கட்சியைக் கட்டிக்கொண்டு திரிகிற மனுசன். அவருக்கு வாய்த்த பவுனுத்தாயோ, பிறந்த வீட்டிலிருந்தே மணிக்கட்சி. தேர்தல் நாளில் இருவரும் சேர்ந்துதான் பூத்துக்குப் போவார்கள். வெளியே வந்ததும் டீக்கடையில் ஒரு வடையைப் பாதியாகப் பிட்டுத் தின்றபடி, "ஒங்க ஓட்ட அழிச்சுப்புட்டேன்ல!" என்று அவள் சிரிப்பாள். "ஒன்னோடத நானும்தான் அழிச்சேன்" என்பார் இவர். கல்யாணமான காலத்திலிருந்து இதே கூத்து.

இந்த முறை தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பவுனுத்தாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. கட்டிலை விட்டு அசையக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். வலிக்குக்கூட அழாதவள் அப்போது அழுதாள். "எங்கட்சிக்கு ஒரு ஓட்டு கொறையுதே! ஒங்க ஓட்ட அழிக்க ஆளில்லாமப் போச்சே!"

சின்னமாயனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. அவள் தலையில் கை வைத்தார். "ஏ பவுனு, நீ போடாத தேர்தல்ல எங்கட்சிக்கும் என் ஓட்டு கிடையாது. இது சத்தியம். போதுமா?"

பெண்டாட்டிக்காக அவர் மணிக்குப் போடப்போகிறார் என்று ஊரில் எவனோ கிளப்பிவிட்டான். குடைக்கட்சிக் கிளைச் செயலாளர் ஒச்சப்பன் ஓடிவந்து அவரைக் கோயில் வாசலில் நிறுத்தினார். "மாமா, நீங்க வீட்லயே ஒக்காந்தாலும் கட்சிக்கு அசிங்கம், மணிக்குப் போட்டாலும் அசிங்கம்."

சின்னமாயன் அங்கே எரிந்துகொண்டிருந்த சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். "பூத்துக்குப் போவேன். பொத்தான அமுக்குவேன். மணிக்கு அமுக்க மாட்டேன்."

களத்தில் இருந்ததோ குடையும் மணியும்தான். வேறு ஒரு வேட்பாளரும் கிடையாது.

தேர்தல் அன்று தனியாகப் போனார். விரலில் மை வைத்தார்கள். மெஷின் பீப் என்று கத்தியது. வெளியே கருத்துக்கணிப்புக்கு நின்ற நிலோஃபர் என்ற பெண், "ஐயா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள்.

"சாகுற வரைக்கும் குடைதாம்மா."

"இன்னிக்கு யாருக்குப் போட்டீங்க?"

"அத எம் பொண்டாட்டிக்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார். ஒரே ஒரு வடையைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நிலோஃபர் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "கட்சி குடைன்னா ஓட்டும் குடைதான். டிக் போடும்மா" என்றார் அவர். டீக்கடைக்காரரோ, "அந்தாளு பொண்டாட்டி கண்ணீரத் தாங்க மாட்டாரு. மணிதான்" என்று அடித்துச் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், மேலதிகாரி சொன்னது சரியா, டீக்கடைக்காரர் சொன்னது சரியா? சின்னமாயனின் விரல் எங்கே அழுந்தியது?

விடை: இருவர் சொன்னதும் தப்பு. அவர் அமுக்கியது கடைசிப் பொத்தானை, யாருக்கும் இல்லை என்கிற நோட்டாவை. தலையில் கை வைத்துச் செய்த சத்தியமும் நின்றது, சூடத்தில் அடித்த சத்தியமும் நின்றது. அவர் குடைக்கட்சிக்காரர் என்பதும் பொய்யில்லை. கட்சி எது என்பது ஒரு கேள்வி, அன்றைக்கு ஓட்டு எதற்கு என்பது வேறு கேள்வி. அதை மறந்ததுதான் அந்த மேலதிகாரி செய்த தப்பு. விஷயத்தைக் கேட்ட பவுனுத்தாய் பாதி வடையை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "அடுத்த தேர்தலுக்கு நடந்தே வர்றேன். மரியாதையா குடைக்குப் போடுங்க. நான் அழிக்க வேணாமா?"