பல்லை மட்டும் பார்த்த மந்திரக்காரி

கிளியும் மீனும் வாய் திறந்து பேசின காலத்திலே, ஒரே ஆற்றுக்கு இந்தக் கரையில் கலகலபுரம், அந்தக் கரையில் கம்முனூர். கலகலபுரத்தில் கும்பிட்டாலும் சிரிப்பு, கூச்சப்பட்டாலும் சிரிப்பு, தப்புச் செய்தாலோ தலையைச் சொறிந்துகொண்டு ஓர் அசட்டுச் சிரிப்பு! கம்முனூரில் பல்லைக் காட்டினால் போச்சு. "உன்னை மதிக்கவில்லை, போ" என்று அர்த்தம்.

கலகலபுரத்து ஓடக்காரன் மாசாணனுக்கு இது தெரியாது, பாவம். அக்கரைச் சந்தையில் மந்திரக்காரி நீலவல்லியின் காலை மிதித்துவிட்டுச் சிரித்தான். அவள் பிரம்பை நீட்டினாள். ஆள் நின்ற இடத்திலேயே கல்! பொழுது சாய்ந்தால் கல்லும் பொடியாகிவிடும்.

சேதி கேட்டு அவன் பெண்டாட்டி பொன்னாத்தாள் அலறியடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். கூடவே பறந்து வந்த அவள் வீட்டுக் கிளி, "சிரிக்காதே, சிரிக்காதே, சிரிக்கவே சிரிக்காதே" என்றது.

கம்முனூர்க் கோட்டை வாசலில் காவல்காரன் வழிமறித்தான். சிரிப்பு உதடு வரை வந்தது, விழுங்கினாள். பூக்காரி ஒருத்தி நீலவல்லி வீட்டுக்கு வழி சொன்னாள். மறுபடியும் சிரிப்பு முட்டியது, அதையும் விழுங்கினாள். நீலவல்லிக்கு முன்னால் போய் நின்றாளோ இல்லையோ, முந்தானை பட்டு மூலிகைச் சட்டி கவிழ்ந்தது! அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

பிரம்பைத் தூக்கிய நீலவல்லி அப்படியே நின்றாள்.

"ஏம்மா, வாய் சிரிக்குது, கண்ணுல தண்ணி ஓடுது, கை தலையைச் சொறியுது. இதுல நான் எதை நம்பறது?"

"எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க தாயே. தப்புப் பண்ணினா எங்க ஊர்ல பேச்சு வராது, இப்படித்தான் அசடு வழிவோம். எங்க வீட்டுக்காரர் கையைப் பார்த்தீங்களா?"

நீலவல்லி சந்தைக்கு ஓடினாள். கல்லுக்கை தலையைச் சொறிந்தபடி இருந்தது. தோள் குறுகியிருந்தது. கண் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மன்னிப்புத்தான் கேட்டிருக்கான். நான் பல்லை மட்டுந்தான் பார்த்தேன்."

பிரம்பால் தட்டினாள். கல் அசையவில்லை. சூரியன் ஆற்றைத் தொட்டது, கல்லின் விரல் நுனி உதிர ஆரம்பித்தது. பொன்னாத்தாள் பதறினாள்.

"நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க தாயே. அவருக்குப் புரியற மாதிரி கேளுங்க."

ஊரே பார்க்க, பிறந்ததிலிருந்து வெளியே பல்லைக் காட்டாத நீலவல்லி தலையைச் சொறிந்தாள், நெளிந்தாள், ஈயென்று இளித்தாள்!

கல் சூடானது. மூச்சு வந்தது. உதிர்ந்த விரல் நுனியும் முளைத்தது. மாசாணன் அவள் பாதத்தைப் பார்த்து, "ரொம்ப வலிச்சிருக்குமே தாயே" என்றான்.

துடுப்பில்லாமல் ஓடும் ஓடம் ஒன்று அவர்களுக்குப் பரிசு. அவர்கள் அதிலே ஏறிச் சுகமாகப் போகட்டும், நாம் சோறு தின்னப் போவோம்.