ஹார்டு டிஸ்க்கில் ஒரு வாழைத்தோட்டம்

இந்தக் கதையில் குருவுக்குத்தான் வயது குறைவு. ஷெர்லின் முப்பதைத் தாண்டியவள். நாகர்கோவிலில் ஒரு பேக்கரியின் மாடியில் வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொடுத்தாள். சீடர் சிதம்பரதாணு, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அதையும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

அவர் படிக்க வந்தது மனைவிக்காக. உமையம்மைக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு கையில் ஊசியோடு கிடக்க வேண்டும்.

"அந்த ஃபேனைப் பாத்துப் பாத்தே நான் செத்துருவேன்" என்பாள்.

தாணு ஒரு கேம் பெட்டி செய்தார். ஒற்றைக் கையால் ஆடலாம். திரையில் ஒரு துண்டு நிலம், ஒரு குடிசை. நடலாம், தண்ணீர் விடலாம், விளைந்ததை வெட்டலாம். டயாலிசிஸ் சென்டரில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, அவள் நாற்காலியோடு சேர்த்துப் பொருத்தினார்.

உமையம்மை மட்டி வாழை நட்டாள். அதன்பிறகு அவளை டயாலிசிஸுக்குக் கிளப்ப யாரும் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டது. பழுக்கவிருந்த குலைகளை யாரோ வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு உமையம்மை புதிதாக ஒன்றும் நடவில்லை.

பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க். அதில் இருந்தது ஒரே ஒரு தோட்டம். செவ்வாய், வியாழன், சனியில் அதே நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்பது தாணுவுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் அவர் மனைவி ஒருத்திதான் நோயாளி என்ற நினைப்பில் பெட்டி செய்திருந்தார். பாவம், அன்பு கண்ணை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை உமையம்மை எழுந்திருக்கவில்லை.

"நான் வரல. அந்த ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது. அதையும் வெட்டியாச்சு."

கால் வீங்கியிருந்தது. ஒரு தடவை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தாணு கெஞ்சினார், சத்தம் போட்டார், கடைசியில் அழுதார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, அவர் ஷெர்லினிடம் ஓடினார். கையில் ஸ்குரூ டிரைவர். பையில், கழுத்தில் மாட்டும் கயிறு கோத்த மெமரி கார்டுகள்.

"டீச்சர், கேம் பெட்டிக்குள்ள ஹார்டு டிஸ்க் இருக்கணுமா, கூடாதா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"கூடாது. உள்ள இருந்தா அது பெட்டிக்குச் சொந்தம். கார்டுல இருந்தா ஆளுக்குச் சொந்தம். அவங்கவங்க தோட்டத்தை அவங்கவங்க கழுத்துல மாட்டிட்டுப் போகட்டும். இப்பமே போய் டிஸ்க்கைக் கழட்டிருதேன்."

"கழட்டினா அக்கா வருவாங்களா?"

"வருவா" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வரணும், டீச்சர்."

ஷெர்லின் அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில தாறேன். அந்த நாற்காலியில யாரு உக்காருதாங்கன்னு பாத்துட்டுக் கழட்டுவோம்."

"நாளைக்கா? அவ காலைப் பாத்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. இன்னைக்கே போனா என்ன?"

"இன்னைக்கு அந்த நாற்காலி காலியாக்கும், அண்ணாச்சி."

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போனபோது அந்த நாற்காலியில் இருந்தவர் சகாயராஜ், நாற்பது வயதுக்காரர். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். தாணு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"குலையை வெட்டினது நீங்களா?"

"ஆமா சார்" என்றார் சகாயராஜ், பாராட்ட வந்தவரைப் பார்க்கிற மாதிரி. "வியாழக்கிழமை பழுத்து நின்னுது. விட்டா அழுகிரும்லா? வெட்டிக் குடிசைக்குள்ள அடுக்கியிருக்கேன். ஒரு காய் குறையாது."

ஊசி இல்லாத கையால் குடிசைக் கதவைத் திறந்து காட்டினார். குலைகள் வரிசையாக இருந்தன.

பழுத்ததை வெட்டாவிட்டால் அழுகும் என்று விதி எழுதியவரே தாணுதான். அப்படி வைத்தால்தான் ஆடுகிறவர் திரும்ப வருவார் என்று வகுப்பில் கற்றிருந்தார். ஆனால் குடிசையைத் திறந்து பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, உமையம்மைக்கும் தோன்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவன் பெண்டாட்டிக்கும் அன்றைக்கு அப்படித்தான்.

"இது யாரு தோட்டம்னு தெரியுமா?" என்று ஷெர்லின் கேட்டாள்.

"ஆளைத் தெரியாது. நான் வரும்போதெல்லாம் புதுசா ஒரு கன்னு நட்டிருக்கும். அதைப் பாத்ததும், நேத்து வந்திருக்காங்க, நல்லா இருக்காங்கன்னு நினைச்சுக்கிடுவேன். நானும் தண்ணி விட்டுட்டுப் போவேன்."

சகாயராஜ் திரையைப் பார்த்தார்.

"சனிக்கிழமை புதுக் கன்னு இல்ல. இன்னைக்கும் இல்ல. நர்ஸ்கிட்ட கேக்கலாம், ஆனா பயமா இருக்கு. இங்க ஒரு ஆள் வராம இருந்தா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும்லா." பிறகு தாணுவைப் பார்த்தார். "சாருக்கு அவங்களைத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரி."

"இருக்காங்கள்ளா?"

"இருக்கா" என்றார் தாணு. "இருக்கா, தம்பி."

ஷெர்லின் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. கழட்டுங்க."

தாணு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். உமையம்மை சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எல்லாக் குலையும் குடிசைக்குள்ளயா இருக்கு?"

"எல்லாம் இருக்கு."

"அந்தத் தம்பிக்குப் பிள்ளைங்க உண்டா?"

"கேக்கல."

"இவ்வளவு பேசிட்டு அதைக் கேக்கலியா? உங்களை அனுப்பினா இப்படித்தான்."

நாலு நாளில் அவள் அவரைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை விடியும்போது தாணு எழுந்து பார்த்தால், உமையம்மை புடவை மாற்றி, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோவைக் கூப்பிடுங்க. கன்னு நடணும். நாளைக்கு அந்தத் தம்பி வந்து பாக்கும்லா."

அவளை நாற்காலியில் அமர்த்தி, ஊசி ஏறி, திரையில் முதல் கன்று நிற்கும்வரை தாணு கூடவே நின்றார். பிறகு நேராகப் பேக்கரி மாடிக்கு வந்தார். பையன்களுக்கு நடுவே எழுந்து நின்றார்.

"டீச்சர், டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும். இந்தக் கார்டையெல்லாம் தூரப் போட்டுரட்டா?"

"போடாதீங்க. மாத்துக் கிட்னி கிடைச்சு வீட்டுக்குப் போறவங்க கழுத்துல மாட்டி விடுங்க. தோட்டத்தை ஒரு காப்பி எடுத்துட்டுப் போகட்டும்."

தாணு கார்டுகளைப் பார்த்தார். அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொண்டார்.

"அவங்க போன பொறவு பெட்டியில இருக்கதை அழிச்சிரணும், இல்லியா டீச்சர்?"

"வேண்டாம் அண்ணாச்சி. அடுத்து வந்து உக்காருறவங்க வெறும் தரையைப் பாக்கக் கூடாது."