விசில் வராத பாத்திரம்

கோத்தகிரியில் சலோமியை யாரும் குருவாக நியமிக்கவில்லை. அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் திரும்பி வந்தவர், தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு சின்ன வீடு எடுத்தார். காலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூடவே உட்கார்ந்தார். அவர் போய் இன்னொருவரிடம் சொன்னார். சும்மா இருப்பதற்கு இவ்வளவு கூட்டம் சேரும் என்று சலோமியே எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் மூத்தவர் ரத்தினசபாபதி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்தவர். சிஸ்டரைவிட இருபது வயதுக்கு மேல் பெரியவர். ஆனாலும் சீடனாக இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சிஸ்டர் தும்மினால்கூட அதில் ஏதோ உபதேசம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் யோசிப்பார்.

ஒரு வியாழக்கிழமை எல்லோரும் எழுந்து போன பிறகும் அவர் போகவில்லை.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“கேளுங்க சார்.”

“என்ன சமைச்சுப் போட்டா எம்பையன் என்னை மன்னிப்பானுங்க?”

ரத்தினசபாபதி தரையைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகன் முகுந்தன் ஷெரினைக் கல்யாணம் செய்துகொண்டான். வேறு மதத்துப் பெண். இவர் போகவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் மாலையும் கழுத்துமாக மேட்டுப்பாளையம் வீட்டுக்கு ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். இவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், திறங்க என்று அதட்டக்கூட வீட்டில் ஆள் இல்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

“இப்ப சனிக்கிழமை வர்றானுங்க. ஊட்டிக்குப் போயிட்டுத் திரும்பற வழியில, ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறோம்னு போன் பண்ணுனான். அந்தப் புள்ளையும் வருது. மட்டன் பிரியாணிக்கு மேட்டுப்பாளையத்துல ஒரு மாஸ்டர் கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். கூட நாட்டுக்கோழி வறுவல், ரெண்டு இனிப்பு. போதுமுங்களா?”

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார்.

“உருளைக்கிழங்கு,” என்றார்.

ரத்தினசபாபதி கைகட்டி நின்றார். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று பார்த்தார். வரவில்லை.

“எந்த உருளைக்கிழங்குங்க?”

“எது விலை குறைவோ அது.”

சிஸ்டர் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றி மின்சார அடுப்பு, மேலே கண்ணாடி மூடி.

“ஸ்லோ குக்கர். நைட் டியூட்டிக்குப் போறப்ப இதுல எல்லாத்தையும் போட்டுட்டுப் போவேன். வந்து சாப்பிடுவேன். கிழங்கும் சாசேஜும். எனக்கு இதுல தெரிஞ்ச சமையல் அது ஒண்ணுதான்.”

ரத்தினசபாபதி சட்டியைத் தூக்கிவிட்டு, அடுப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். வேலையில் இருந்த பழக்கம் போகாது.

“இருநூறு வாட்டுங்களா? ரெண்டு குண்டு பல்புங்க, சிஸ்டர். இதுல எப்படிக் கிழங்கு வேகும்?”

“வேகும்.”

“எத்தனை விசிலுங்க?”

“விசில் வராது.”

“அப்ப வெந்துருச்சுன்னு எப்படித் தெரியுமுங்க?”

“வெந்திருக்கும்.”

இது அவருக்குப் பிடிபடவே இல்லை. பிறந்ததிலிருந்து விசில் கேட்டே சாப்பிட்டவர். இப்போது வந்தது மூன்றாவதா நாலாவதா என்று மனைவியோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார். சத்தம் போடாமல் வேகும் சமையலை அவர் கண்டதில்லை.

சிஸ்டர் கிழங்கைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் காட்டினார்.

“கிழங்கு அடியில. அது மேல வெங்காயம், கேரட். எல்லாத்துக்கும் மேல சாசேஜ்.”

ரத்தினசபாபதியின் முகம் மலர்ந்தது. “புரிஞ்சுதுங்க. அடங்கி அடியில கெடக்கறதுதான் பக்குவப்படும்.”

“இல்ல சார். கிழங்கு வேக லேட்டாகும். சூடு அடியில இருக்கு.”

“ஓ.”

“அரை டம்ளர் தண்ணி. பூண்டு, உப்பு, மிளகு. திருகை லோ-ல வெச்சு எட்டு மணி நேரம். மூடியைத் திறக்காதீங்க.”

“கிண்ட வேண்டாமுங்களா?”

“வேண்டாம்.”

“தாளிக்கோணுமுங்களா?”

“வேண்டாம்.”

“அப்ப எட்டு மணி நேரம் நான் என்னங்க பண்றது?”

“வேற ஏதாவது பண்ணுங்க.”

பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார் ரத்தினசபாபதி. மன்னிப்பு எங்கே, உருளைக்கிழங்கு எங்கே? வழி முழுக்க யோசித்தும் இரண்டும் சேரவில்லை. இருந்தாலும் சிஸ்டர் சொன்னதாயிற்றே, பிரியாணி மாஸ்டருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். கடையில் ஒரு பாக்கெட் சிக்கன் சாசேஜும் கொஞ்சம் கிழங்கும் வாங்கினார். செலவு அவ்வளவுதான் ஆனது. அதுவே அவரை உறுத்தியது. நாலு வருஷப் பாவம் இவ்வளவு மலிவாகவா கழியும்?

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் சொன்னபடியே அடுக்கி, சுவிட்சைப் போட்டார். குக்கர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டரின் போன் அடித்தது.

“சிஸ்டர், சத்தமே இல்லீங்க.”

“வராது சார்.”

“தெறந்து பாத்தேனுங்க. கிழங்கு கல்லாட்டம் இருக்குது.”

“மூடுங்க.”

பகலில் மறுபடியும் அடித்தது.

“இப்பவும் பாத்தேனுங்க. அப்படியேதான் இருக்குது.”

“திறக்கறப்பெல்லாம் சூடு போயிடும் சார். மறுபடி ஏற அரை மணி ஆகும்.”

“ஏறிருச்சான்னு பாக்கத்தானுங்க தெறந்தேன்.”

“சார், வெளியில போய் ஒரு நடை நடந்துட்டு வாங்க.”

அவர் போகவில்லை. மதியத்துக்கு மேல் மூன்றாவது முறை போன் செய்தார். சிஸ்டர் எடுக்கவில்லை. எடுக்காததுதான் பதில் என்று நினைத்துக்கொண்டு, அது என்ன பதில் என்று வெகுநேரம் குழம்பினார். சிஸ்டர் அப்போது கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். வேறொன்றும் இல்லை.

ரத்தினசபாபதி வாசல் கதவை மட்டும் மதியமே விரியத் திறந்து வைத்துவிட்டார். குளிர் உள்ளே வந்து நாற்காலியெல்லாம் சில்லிட்டுப் போனது. அவர் மூடவில்லை.

சாயங்காலம் கார் வந்தது.

முகுந்தன் கொஞ்சம் பெருத்திருந்தான். ஷெரின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் பின்னால் வந்தாள். திறந்து கிடந்த கதவைத் தாண்டாமல் இருவரும் படியிலேயே நின்றார்கள்.

“வாங்க, வாங்க. உள்ள வாங்க,” என்றார் ரத்தினசபாபதி. குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

“இருட்டறதுக்குள்ள கிளம்பணும்ப்பா,” என்றான் முகுந்தன். “பனி எறங்குனா மலை எறங்க முடியாது.”

“சாப்பாடு ரெடிங்க. உக்காருங்க, போட்டுர்றேன்.”

மகனையே வாங்க போங்க என்று பேசுகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. சமையலறைக்குள் போய் மூடியைத் தூக்கினார். கரண்டியால் ஒரு கிழங்கை அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் அப்படித்தான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து வந்த பிள்ளைக்கு ஒரு கிழங்கை வேகவைத்துப் போட முடியவில்லை. பிரியாணி என்றால் இந்நேரம் இலையில் இருந்திருக்கும்.

ஷெரினோடு முகுந்தன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

“எத்தனை தடவை தெறந்தீங்க?”

“எண்ணலை.”

ஷெரின் சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் பாத்திரத்தை மூடி, திருகைத் திருப்பி வைத்தாள்.

“எங்க வீட்டுலயும் இது இருக்கு. ஹை-ல வெச்சாச்சு. ஒரு மணி நேரத்துல ஆயிடும், மாமா. திறக்காம இருந்தா.”

அந்தப் பெண் தன்னை மாமா என்று கூப்பிடுவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மணி நேரம் என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. முகுந்தன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். குக்கர் சொருகியிருந்த பிளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக் பாயின்ட் சுவரைவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஈ.பி. ஆபீசர் வீட்டுல இப்படியா இருக்கறது?”

“கை நடுங்குதுடா. ஸ்க்ரூ பிடிக்க முடியல.”

“ஸ்க்ரூ டிரைவர் எங்க?”

அவர் எடுத்து வந்தார். முகுந்தன் ஃபியூஸைப் பிடுங்கப் போனான். குக்கர் அணைந்துவிடும் என்று ரத்தினசபாபதி பதறினார். இந்த லைன் வேறு, அது வேறு என்று ஃபியூஸ் பெட்டியில் எழுதியிருந்ததை அவன் காட்டிய பிறகுதான், அந்த வயரிங்கைப் போட்டதே தான்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

அவன் குந்தி உட்கார்ந்தான். இவர் டார்ச் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் மேலப்பா.”

மேலே பிடித்தார். அன்று கதவைத் திறக்காததைப் பற்றி இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “முகுந்தா,” என்றார்.

“டார்ச்சை ஆட்டாதீங்க.”

ஆட்டாமல் பிடித்தார்.

பிளக் பாயின்ட் சுவரில் உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பனி இறங்கிவிட்டிருந்தது. முகுந்தன் வாசலுக்குப் போய்ப் பார்த்தான். கார் நின்ற இடமே வெள்ளையாக இருந்தது.

“காலையிலதான் போகணும் போல,” என்றான் ஷெரினிடம். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

விசில் வரவில்லை. வாசனை வந்தது. ஷெரின் மூடியைத் திறந்தாள். கிழங்கு கரண்டி பட்டதுமே உடைந்தது. மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு பெரும்பாலும் கிழங்கைப் பற்றித்தான் இருந்தது.

மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனதும், ரத்தினசபாபதி பாத்திரத்தைக் கழுவித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். தூங்கிய முகமாகவும் இல்லை, தெளிந்த முகமாகவும் இல்லை.

“என்ன ஆச்சு சார்?”

“கிழங்கு வேகலீங்க. அதனால இருந்தாங்க. இருந்ததால பனி எறங்கிருச்சு. அதனால தங்குனாங்க.” அவர் மூச்சு வாங்கினார். “நீங்க தெறக்க வேண்டாம்னீங்க. நான் தெறந்தேன். தெறக்காம இருந்திருந்தா அவன் நேரத்துக்குச் சாப்பிட்டுட்டுப் போயிருப்பானுங்க. அப்ப நான் தெறந்தது நல்லதுங்களா, கெட்டதுங்களா?”

“கிழங்குக்குக் கெட்டது.”

“எனக்குங்க?”

சிஸ்டர் பாத்திரத்தை வாங்கி, ஈரம் போகத் துடைக்க ஆரம்பித்தார்.

“பையன் சாப்பிட்டாரா?”

“ரெண்டு தடவை போட்டுக்கிட்டானுங்க.”

“போறப்ப என்ன சொன்னார்?”

“அடுத்த தடவை மிளகு கொஞ்சம் தூக்கலா போடுங்கன்னான்.”

“அவங்க?”

“அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லலீங்க. நான் போட்டிருந்த ஸ்வெட்டர்ல பட்டன் இல்லைன்னு பாத்துட்டு, மேல வரைக்கும் ஊக்கு குத்திவிட்டுட்டுப் போச்சு.”

ஊக்கு இன்னும் அப்படியே இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஆனா அந்த விஷயத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க, சிஸ்டர். நானும் பேசலை. அவன் மன்னிச்சுட்டானா இல்லையான்னே தெரியலீங்க. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன். இப்ப கார் மேட்டுப்பாளையம் போயிருக்கும்.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகனின் பெயர் திரையில் தயாராக இருந்தது. விரலை அதன் மேல் கொண்டுபோனார்.

“ஒரே ஒரு வார்த்தை. மன்னிச்சுட்டியான்னு கேட்டுரட்டுங்களா?”

சிஸ்டர் துடைத்த பாத்திரத்தை மேசை மேல் வைத்தார். அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மூடியை எடுத்து அதன் மேல் பொருத்தி வைத்தார்.

“இன்னும் வெந்துக்கிட்டு இருக்கு சார். திறக்காதீங்க.”

ரத்தினசபாபதி காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஊக்கு குத்தியிருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்தார்.